வால்வு மேலே, முகம் தள்ளி
(தொழில் பழகித் திரும்பிய இளைஞர்கள் சார்பில் தோட்டக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் நாலு பேரும் இந்த லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான். வாகனத் திருத்த வேலை பழகுவதற்காக யாழ்ப்பாணத்து அளவெட்டிக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறோம். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் ஊர் அது. ஆனால் நாங்கள் அங்கே அதிகம் கேட்டது டிராக்டர் டயரில் காத்துப் போகிற 'உஸ்' சத்தம்தான். அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "மெக்கானிக் பேச்சு நமக்கு எதுக்கு?" என்று அம்மாமார் எழும்பிப் போக வேண்டாம். உங்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

நாங்கள் போவதற்கு முதல் வருஷம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கொழுந்து ஏற்றும் டிராக்டரின் பின்சக்கரம் ஒன்றில் வால்வு ஒழுகிக்கொண்டே இருந்தது. காலையில் காத்து அடிப்பார்கள், பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும். "சொட்டுத் தண்ணிதானே" என்று விட்டுவிட்டோம். ஒரு மழை நாளில், வளைவில் பெட்டி சறுக்கிக் கானில் விழுந்தது. கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் உட்கார்ந்து வந்த எங்களில் ஒருவனின் அம்மாவுக்குக் கை முறிந்தது. இரண்டு மாதம் செக்ரோலில் பேர் இல்லை. அரைப்பேர்கூட இல்லை.

டயருக்குள் தண்ணி எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். டிராக்டரின் பின்சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கப் பாரம் வேண்டும். அதற்காக டியூபில் முக்கால் பங்கு தண்ணியும் மீதிக்குக் காத்தும் அடிப்பார்கள். நடுத்தர டயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 150 லீற்றர் பிடிக்கும். அதாவது 150 கிலோ பாரம். ஒரு பக்கம் அது குறைந்தால் சரிவில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். குளிர் நாடுகளில் தண்ணி உறையாமலிருக்கக் கல்சியம் குளோரைட் கலப்பார்கள். நமக்கு அது தேவையில்லை; அது ரிம்மையும் அரித்துவிடும். வெறும் தண்ணியே போதும்.

அளவெட்டியிலும் 'தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போடுகிற தோட்டம். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல் என்பதால் கிணற்றுத் தண்ணி கடினமானது. அந்தத் தண்ணியை டயருக்கு அடித்தால் வால்வுக்குள் வெள்ளையாகப் படிந்து, ஊசி சரியாக மூடாது. பட்டறை ஐயா எங்களுக்கு முதலில் காட்டியது இதைத்தான்.

இரண்டாம் நாளே எங்களில் ஒருவன் அவசரப்பட்டான். வால்வு கீழ்ப்பக்கம் நிற்கும்போதே ஊசியைக் கழற்றினான். ஊசி தெறித்துக் கூரைத் தகரத்தில் பட்டது. பின்னால் தண்ணி பீறிட்டு அடித்தது. கொஞ்சம் குனிந்திருந்தால் கண் போயிருக்கும். ஐயா ஏசவில்லை. "தம்பி, ஊசியில குற்றமில்லை. வால்கட்டை எங்க நிக்குது எண்டு பாக்கேல்லை, அதுதான் பிழை" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் செய்கிற முறை இது. வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பெட்டியைக் கழற்ற வேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு அடை வைக்க வேண்டும். அச்சுக்கு ஜாக்கி கொடுத்து, கீழே உறுதியான மரக்கட்டையும் வைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றி வால்வை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது தண்ணி வால்வுக்குக் கீழே போய்விடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊசியை அழுத்திக் காத்தை மெதுவாக விட வேண்டும். 'உஸ்' சத்தம் முழுக்க நின்ற பிறகுதான் திருக வேண்டும்.

எதையும் கழற்றுமுன் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். சவர்க்கார நுரை பூசினால் தெரியும். இடம் மூன்றுதான். நுனியில் குமிழ் வந்தால் ஊசியில் குறை: கழற்றி, உட்பக்கத்தைத் துடைத்து, புது ஊசி போட்டால் முடிந்தது. நடுவில் தண்ணி வால்வின் திருகு மூட்டில் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் டயரைக் கழற்றத் தேவையில்லை. மூன்றாவது, ரப்பர் அடியில். அங்கே ஒட்டுப் போட்டால் நிற்காது. தண்ணியை இறக்கி, டியூபையே மாற்ற வேண்டும். அது பாரமான வேலை, தனியாள் செய்யக்கூடாது.

வால்வு நேராக நிற்காமல் ரிம் ஓட்டையில் சாய்ந்து நின்றால் அதுவும் ஓர் எச்சரிக்கை. காத்துக் குறைந்து ஓடியதால் டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுத்திருக்கிறது. அப்படியே ஓடினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஒரு மூடியும் முக்கியம். சேறு ஊசிக்குள் போகாமல் தடுப்பது அதுதான்.

1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வருவதற்குத் தடை இருந்த காலத்தில், பழைய டியூபை வெட்டி வளையம் செய்து வண்டிகளை ஓட்டியதாக ஐயா சொன்னார். 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, டிராக்டர் பெட்டிகளில் வயோதிபரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போனார்களாம். "ஆக்கள் ஏறுற வண்டியில சின்னப் பிழை எண்டு ஒண்டும் இல்லை" என்பது அவர் வாய்ச்சொல்.

அந்தச் சொல்லைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறோம். டிரைவர் அண்ணன்மாரே, காலையில் பெட்டி கொழுவ முதல் இரண்டு வால்வையும் ஒருதரம் பாருங்கள். அம்மாமாரே, சக்கரத்தில் ஈரம் கண்டால் "இது ஒழுகுது" என்று சொல்லுங்கள். திருத்தாமல் ஏற மாட்டோம் என்று சேர்ந்து சொல்லுங்கள். ஒரு ஊசியின் விலை, இரண்டு மாதப் பேருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திருத்துவதற்கு நாங்கள் நாலு பேர் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வருகிறோம்.