கண்ணுக்கு மட்டுமோ நூல்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றி நம் பெரியோர் ஒரு கதை சொல்வர். பிறவியிலேயே கண்ணொளி இழந்த அவர், பிறர் தமது முதுகிலே விரலால் எழுதிக் காட்ட எழுத்துக்களைக் கற்றாராம். யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகர மன்னனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் கூறுவர். இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்று ஆராய்வது இன்று எமது நோக்கமன்று. எழுத்துக் கண்ணுக்கே உரியது என்று நம் முன்னோர் எண்ணவில்லை என்பதற்கு இக்கதை போதும்.

கோயில்தோறும் கந்தபுராண படனம் நடந்த நாடு இது. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஏடறியாதவரும் கண் மங்கியவரும் கூடியிருந்து கேட்டனர். ஆகவே, "கண் தெரியாதவருக்கு யாராவது வாசித்துக் காட்டினாற் போதுமே" என்று நம்மிற் பலர் சொல்வது வியப்பன்று. நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

பல்கலைக்கழகத்தில் எம்முடன் கற்கும் விழிப்புலனற்ற நண்பர் ஒருவருக்கு நாங்கள் நால்வர் முறைவைத்து நூல்களை வாசித்து வந்தோம். சலிப்பு வந்தபோது அடிக்குறிப்புக்களை விட்டோம். நீண்ட மேற்கோள்களைத் தாண்டினோம். எது முக்கியம், எது முக்கியமன்று என்று அவரைக் கேளாமல் நாங்களே தீர்ப்பளித்தோம். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் எங்களுக்கு எங்கள் பாடமே பெரிதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசிகசாலை வாங்கிலே இருந்தார். "ஒரு புத்தகத்தை நானே தொடங்கி, பிடிக்காவிட்டால் நானே மூடிவைக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை" என்று பின்னொருநாள் சொன்னார். நாங்கள் தலைகுனிந்தோம்.

இந்த ஆசை நிறைவேற வழி இல்லாமலில்லை. பிரான்சு தேசத்து லூயி பிறெயில், மூன்று வயதிற் கண்ணிற் காயப்பட்டுப் பார்வை இழந்தவர். 1824இல், பதினைந்தாவது வயதிலே, ஆறு புள்ளிகளால் எழுத்து முறையொன்றை வகுத்தார். தமிழுக்கும் அம்முறை உண்டு. நம் நாட்டில் 1912இல் செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் பாடசாலை தொடங்கியவர் மேரி சப்மன் என்னும் மிசனரி அம்மையார். இந்து வாலிபர் சபையிலே மிசனைப் புகழ்வதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மிசன் பாடசாலையிற் படித்த நாம் அந்த நன்றியை மறைப்பதற்கில்லை. பிறெயில் இன்றும் வேண்டியதே. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதை மட்டும் நம்பி எழுதப் பழகுவது எளிதன்று. ஆயினும் பிறெயில் நூல்கள் பருமனானவை. ஆக்கச் செலவும் மிகுதி. சிறு வாசிகசாலைக்கு அது பெருஞ்சுமை.

அச்சுமையைக் கணனி பெரிதும் குறைத்திருக்கிறது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் என்விடிஏ என்னும் மென்பொருளை அவுஸ்திரேலியாவில் 2006இல் ஆக்கத் தொடங்கியவர் விழிப்புலனற்றவர் ஒருவரே. அது இலவசம், தமிழும் வாசிக்கும். தடை எங்கே என்றால், நாம் கொடுக்கும் கோப்புக்களிலேதான். படமெடுத்து வைத்த பக்கம் நமக்கு நூல். அந்தக் குரலுக்கோ அது வெறும் படம். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையின் கதி இன்னும் வேடிக்கை. நாம் 'தமிழ்' என்று காண்பதை அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துக்களாகவே காணும். நண்பரின் கணனியில் நமது சென்ற ஆண்டு மலரைத் திறந்தபோது நாங்கள் கேட்டது இந்த உளறலைத்தான். சிரித்தோம், அவரும் சிரித்தார். ஒருங்குறியில் தட்டெழுதியிருந்தால் அவர் அன்றிரவே மலர் முழுவதையும் வாசித்திருப்பார்.

இது கண்ணற்றோர் காரியம் மட்டுமன்று. கை நடுங்கி ஏடு புரட்ட இயலாத முதியவரும், அறிவிருந்தும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் இவ்வகையினரே. 2013இல் மரக்கேசு நகரில் நிறைவேறிய உடன்படிக்கை இவர்கள் எல்லோரையும் கருத்திற் கொண்டு, பதிப்புரிமைக்காரரின் தனி அனுமதிக்குக் காத்திராமல் நூல்களை அவர்களுக்கேற்ற வடிவில் ஆக்க நாடுகள் சட்டத்தில் இடமளிக்க வேண்டுமென்கிறது. 2016இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. நமது மலருக்கோ எவர் அனுமதியும் வேண்டியதில்லை, அது நம்முடையது.

ஆகவே செயற்குழுவை இரண்டு காரியங்கள் வேண்டுகிறோம். இவ்வாண்டு மலரின் கட்டுரைகள் யாவும் ஒருங்குறியிலே பெறப்படட்டும்; அச்சுப் பிரதியோடு அக்கோப்பும் வாசிகசாலையில் இருக்கட்டும். அடுத்தது சற்றுக் கடினம். பழைய மலர்களைப் படமெடுத்துக் கணனியால் எழுத்தாக்கலாம். ஆனால் மங்கிய அச்சிலும் பழைய ணை, லை வடிவங்களிலும் அது தடுமாறும். பக்கந்தோறும் ஒருவர் இருந்து பிழை திருத்த வேண்டும். இதற்கு இளைஞரின் விரைவைவிடப் பெரியோரின் பொறுமையே உகந்தது. ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு நாங்கள் நால்வரும் வாசிகசாலையில் இருப்போம். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் எந்த ஆண்டு மலரை எடுப்பதென்று அவரே தெரிவு செய்வார்.