எந்த ஊரு, ஊர்ல எங்க?

(அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, பாகூர் கொம்யூன் பிள்ளையார்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



தம்பிகள் நோட்டீஸில் 'கொரியாவில் ஆங்கில ஆசிரியை: அனுபவப் பகிர்வு' என்று போட்டிருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். பி.டி.எஸ்ஸை நான் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தோம் என்று சொல்லக்கூடாது.

நான் பேச வந்தது ஒரு கேள்வியைப் பற்றி. 'எந்த ஊரு?' என்ற கேள்வி. நமக்கு அது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. எந்த ஊரு என்று கேட்பார்கள். பிள்ளையார்குப்பம் என்போம். உடனே, 'பிள்ளையார்குப்பத்துல எங்க?' முதல் கேள்வி மரியாதைக்கு. இரண்டாவதுதான் கேட்க வந்தது. கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எத்தனை முறை இந்த இரண்டாவது கேள்வியை விழுங்கியிருப்போம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொரியாவில் ஆங்கில ஆசிரியர்களுக்கு நல்ல சம்பளம், தங்க வீடும் கொடுப்பார்கள் என்று கூடப் படித்த ஒருத்தி சொன்னாள். விசாரித்தால், ஆங்கிலம் கற்பிக்கும் விசா ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அங்கே பிறந்தவர்களுக்குத்தான் ஆங்கிலம் தாய்மொழியாம். என்ன படித்தாய் என்பதற்கு முன்பு எங்கே பிறந்தாய் என்பது. கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இது நமக்குத் தெரியாத சட்டமா?

இந்தியர்களுக்கு ஒரு சின்ன வாசல் இருந்தது. இந்தியாவும் கொரியாவும் 2009இல் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுங்கவரி பற்றிய பக்கங்களுக்கு நடுவே, பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆசிரியராக இருக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. கவனியுங்கள், ஆசிரியர் இல்லை, துணை ஆசிரியர். அந்த வாசலில் நுழைந்தவர்கள் குறைவு. அதற்கு முன் டியூஷன் சென்டர்களுக்கும் முயன்று பார்த்தேன். அங்கே அவற்றை ஹாக்வொன் என்பார்கள், தெருவுக்கு நாலு இருக்கும். ஒரு இடத்தில் போனில் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நல்லது என்றார்கள். போட்டோ அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை.

வெள்ளைக்காரர்கள் அங்கே ராஜாவாக இருக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்குக் கட்டாய எச்.ஐ.வி. பரிசோதனை இருந்தது. அதே வேலை பார்க்கும் கொரியர்களுக்குக் கிடையாது. 2009இல் நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் திரும்பப் பரிசோதனை செய்துகொள்ள மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடவில்லை. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2015இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு தனி ஆள், ஒரு வாத்தியாரம்மா. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியம் ஒன்றைப் பிறகு சொல்லப்போகிறேன். அப்போது இந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் போனேன். ஜின்ஜு என்ற ஊர், தெற்கே, நம்காங் ஆற்றங்கரையில். ஒரு தொடக்கப்பள்ளி. வகுப்பைக் கொரிய ஆசிரியை நடத்துவார், நான் பக்கத்தில் நின்று வாசிப்பேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மதியம் பிள்ளைகள், ஆசிரியர்கள், தலைமையாசிரியர் எல்லாருக்கும் ஒரே கூடம், ஒரே உணவு, ஒரே மாதிரி எவர்சில்வர் தட்டு. எங்கள் மாகாணத்தில் 2015இல் ஆளுநர் இலவச மதிய உணவுக்கான நிதியை நிறுத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் போதாதா என்பது அவர் கட்சி. தட்டை நீட்டும்போதே யார் ஏழை என்று தெரிந்துவிடும், எங்கள் பிள்ளைகள் கூனிக் குறுகிச் சாப்பிட வேண்டாம் என்று தாய்மார்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். சத்துணவுத் தட்டோடு தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

நான் போன வருடம் சூசொக் பண்டிகைக்குப் பத்து நாள் தொடர் விடுமுறை. சூசொக் என்றால் ஏறக்குறைய நம் பொங்கல். புது அரிசியில் சொங்ப்யொன் என்று ஒரு கொழுக்கட்டை, உள்ளே எள்ளோ பயறோ வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். முன்னோருக்குப் படையல். நாடே கிளம்பிச் சொந்த ஊருக்குப் போகும். படையலில் விழுந்து கும்பிடுவது ஆண்கள், நாள் முழுக்க அடுப்படியில் நின்று பொரிப்பது மருமகள்கள். கூட இருந்த ஆசிரியை, 'விடுமுறை முடிஞ்சு ஸ்கூலுக்கு வந்தாத்தான் எனக்கு விடுமுறை' என்பார். இதற்கு அங்கே 'பண்டிகை நோய்' என்றே பெயர் இருக்கிறது.

லீவு விடுவதற்கு முந்தின நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். 'சொன்செங்நிம், உங்க கோஹ்யாங் எது?' சொன்செங்நிம் என்றால் டீச்சர். கோஹ்யாங் என்றால் பிறந்து வளர்ந்த ஊர். பலகையில் பிள்ளையார்குப்பம் என்று தமிழில் எழுதிப் படித்துக் காட்டினேன். இருபது பிள்ளைகளும் 'ப்பில்லையார்குப்பம்' என்று கத்தினார்கள். அடுத்த கேள்விக்காக என் வயிறு இறுகியது, பழக்கதோஷம். அடுத்த கேள்வி வந்தது: 'அங்கே கடல் இருக்கா?'

அன்று இரவு அறைக்கு வந்து நான் அழுதேன். அவ்வளவு லேசாக இருந்தது.

சூசொக்குக்கு உயர்ந்த பரிசு எது தெரியுமா? மாட்டுக்கறி. ஹன்வூ என்கிற உள்நாட்டு மாட்டின் கறி, அழகான பெட்டியில் வைத்து, துணியில் மூட்டை கட்டி, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். ஜின்ஜுவின் பெயர் பெற்ற சாப்பாடே சோற்றின் மேல் பச்சை மாட்டுக்கறி வைத்த பிபிம்பாப், தொட்டுக்கொள்ள மாட்டு ரத்தம் போட்ட சூப். எங்கள் ஆயா ரத்தப் பொரியல் செய்யும்போது கதவைச் சாத்திக்கொண்டு செய்யும். இங்கே கண்ணாடிக் கடையில் வரிசையில் நின்று காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். சரி, இந்த நாட்டில் சாதியே இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதே விடுமுறையில் ஆற்றில் விளக்குத் திருவிழா நடந்தது. பார்த்துவிட்டுக் கோட்டைப் பக்கமாக நடந்து வரும்போது ஒரு நினைவுச்சின்னம் கண்ணில் பட்டது. 1996இல் வைத்தது. எதற்கு என்று கேட்டேன். ஆசிரியைக்குச் சரியாகத் தெரியவில்லை. கசாப்புக்காரர்கள் ஏதோ இயக்கம் நடத்தினார்களாம் என்றார். கசாப்புக்காரர்கள் என்றதும் என் கால் நின்றுவிட்டது.

பெக்ஜொங் என்று ஒரு மக்கள் அங்கே இருந்தார்கள். மாடு அறுப்பது, தோல் வேலை, கூடை முடைவது அவர்களுக்கு விதித்த தொழில். ஊருக்கு வெளியே குடியிருப்பு. ஓட்டு வீடு கட்டக்கூடாது, பட்டு உடுத்தக்கூடாது, மற்ற ஆண்கள் வைக்கும் தொப்பி வைக்கக்கூடாது. மற்ற வீட்டுச் சின்னப் பிள்ளைகளிடம்கூடப் பணிந்துதான் பேச வேண்டும். 1894இல் சட்டம் அந்தப் படிநிலையை ஒழித்தது. அதன் பிறகும் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு அடையாளக் குறி போட்டார்கள். 1909இல் இதே ஜின்ஜுவில் ஆஸ்திரேலிய மிஷனரிகள் எல்லாரையும் ஒரே தேவாலயத்தில் உட்கார வைத்தபோது மற்ற கிறிஸ்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நம் சர்ச்சுகளில் நடுவே சுவர் எழுப்பிய கதை உங்களுக்குத் தெரியும்தானே.

1923 ஏப்ரலில், ஜின்ஜுவில், ஹ்யொங்ப்யொங்சா என்ற சங்கம் தொடங்கினார்கள். இ ஹாக்-சான் என்ற பெக்ஜொங் வசதியானவர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனார், சேர்க்க மாட்டோம் என்றார்கள். அதுதான் தீப்பொறி என்று சொல்கிறார்கள். ஜாங் ஜி-பில் அதே மக்களில் படித்தவர். காங் சாங்-ஹோ மேல்குடியில், யங்பான் குடும்பத்தில் பிறந்தவர். அவரை 'புது பெக்ஜொங்' என்று கேலி செய்தார்கள். 'ஹ்யொங்' என்றால் தராசு. கறிக்கடைத் தராசையே சமத்துவத்துக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டார்கள்.

சங்கம் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? இனி மாட்டுக்கறி வாங்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அச்சு அசலாக நம் ஊர்க்கட்டுப்பாடு. வைக்கம் போராட்டத்துக்கு ஒரு வருடம் முன்பு, மகாடுக்கு நான்கு வருடம் முன்பு நடந்தது இது.

இவ்வளவும் அன்று இரவே தெரிந்துவிடவில்லை. கிம் ஜூங்-சொப் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 2003இல் வந்தது. அதைத் தேடிப் படித்தேன். அதற்கு முன்பே என் கதை கெட்டுப்போயிருந்தது.

அக்டோபர் 18, தீபாவளி. பூசானில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் எல்லாரும் கூடினோம். ஐ.டி. ஆட்கள், ஆய்வு மாணவர்கள், கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்பவர்கள். அந்த வீட்டு அக்கா தங்கமானவர். சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

'பாண்டிச்சேரியாம்மா? எந்த ஊரு?'

'பாகூர் பக்கங்க்கா, பிள்ளையார்குப்பம்.'

'அட, மெடிக்கல் காலேஜ் இருக்குதே. எங்க வூட்டுக்காரரோட சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. பிள்ளையார்குப்பத்துல எங்க?'

ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்குமா? அவ்வளவு தூரம் தாண்டி அந்தக் கேள்வி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. நான் சொன்னேன்: 'கோயிலுக்குப் பக்கத்துத் தெருங்க்கா.'

பொய். உங்கள் முன்னால்தான் சொல்கிறேன். நான் பிறந்த இந்தத் தெருவை, இந்த மேடை போட்டிருக்கும் இடத்தை, இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு ராஜ உபசாரம். பொங்கலுக்குக் கூப்பிட்டு அடுப்படியில் விட்டு, 'நீயே பொங்க வையி' என்றார்கள். பால் பொங்கும்போது எல்லாரும் கத்தினார்கள், எனக்குக் குரல் வரவில்லை.

பெக்ஜொங் மக்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் இதுதான் பதில் என்பது பிறகு புரிந்தது. சங்கம் 1935இல் பெயரை மாற்றிக்கொண்டு, ஜப்பானிய ஆட்சியோடு ஒத்துப்போகும் அமைப்பாகத் தேய்ந்தது. 1950இல் போர். மக்கள் இடம் பெயர்ந்தார்கள், பிறகு பெருநகரங்களில் கரைந்தார்கள். இன்று யாரைக் கேட்டாலும் யங்பான் வம்சாவளிதான். நான் அந்த மக்களின் பேரன் என்று சொல்லி முன்னால் வருபவரைக் காண்பது அரிது. ஆனால் 'பெக்ஜொங்' இன்றும் வசைச்சொல். ஒழிந்துவிட்டது என்கிறார்கள், ஒளிந்துகொண்டது என்றும் சொல்லலாம். எனக்கு இதில் இன்னும் தெளிவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளை ஸ்கூல் வாசலில் யாரும் நிறுத்துவதில்லை, அது சின்ன விஷயமா? இல்லை. ஆனால் எப்படி என்றால், எல்லாரும் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்று சொல்லி. அந்த வழி நமக்கு வேண்டுமா? நம்மால் முடியவும் முடியாது. இங்கே இரண்டாவது கேள்வியை அரசாங்கமே கேட்கிறது. 1964 ஆணையைக் காட்டி, புதுச்சேரி அட்டவணைச் சாதியினரைப் பூர்வீகம், குடிபெயர்ந்தோர் என்று பிரித்தார்கள், உச்சநீதிமன்றம் வரை வழக்கு போனது. கடலூர்ப் பக்கத்திலிருந்து பெண்ணெடுத்த வீடுகள் இந்தத் தெருவில் எத்தனை! எங்கள் அம்மாவே அப்படி வந்தவர்தான். என் முனைவர் பட்ட ஆய்வு இப்போது அதைப் பற்றித்தான்.

அடுத்த வருடத் தீபாவளிக்கு அதே வீடு. போகும்போதே முடிவோடு போனேன். சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். 'அக்கா, போன வருஷம் நான் சொன்னது பொய். நான் காலனிப் பொண்ணு.' ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. 'அட, இந்தக் காலத்துல அதெல்லாம் யாரும்மா பாக்குறாங்க' என்று சிரித்தார். நன்றாகத்தான் வழியனுப்பினார். பொங்கலுக்கு அழைப்பு வரவில்லை. போட்டோக்களை வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.

ஆனால் அன்று அந்த வீட்டில் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி மறுநாள் போன் செய்தான். விழுப்புரம் பக்கம். கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். 'அக்கா, நான் மூணு வருஷமா அங்க கோயில் தெருக்காரந்தான்' என்றான். 2019 பிப்ரவரியில் அவர்கள் புத்தாண்டு, சொல்லால், அந்த விடுமுறைக்கு ஜின்ஜு வந்தான். கடைகள் பாதி மூடியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் பச்சைக்கறி போட்ட சோறும் ரத்த சூப்பும் வாங்கினோம். முதல் வாய் வைத்ததும் 'எங்கம்மா வைக்கிற மாதிரி காரம் இல்லக்கா' என்றான். நினைவுச்சின்னத்தை அதற்குள் கோட்டை வாசலிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். குளிரில் ஆற்றங்கரையோடு நடந்து தேடிப் போய்ப் பார்த்தோம். தராசு கதையைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது கேட்டான். 'அக்கா, பிள்ளையார்குப்பத்துல எங்க?'

நான் நின்றுவிட்டேன். அவன் பதறிப்போய்ச் சொன்னான்: 'இல்லக்கா, எங்க சின்னம்மாவ உங்க ஊர்லதான் குடுத்துருக்கு. எந்த வூடுன்னு சொல்லத்தான் கேட்டேன்.'

எந்த வீடு என்று சொன்னான். அந்தச் சின்னம்மா இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதுவரை அவருக்கு இந்தக் கதை தெரியாது.