புகை தொட்டிலிலிருந்து வருவதில்லை!

(விருத்தாசலத்தில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உங்க வீட்டுல பிள்ளைங்க அதிகம், அதனாலதான் பூமி சூடாகுது" என்று கடைத்தெருவில் யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள். கணக்கைக் காட்டுங்கள்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி சுமார் 6 பிள்ளைகள். அங்கே தலைக்கு ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 100 கிலோதான். அமெரிக்காவில் ஒரு தாய்க்கு 2 பிள்ளைகூட இல்லை. தலைக்குச் சுமார் 14 டன்! கத்தாரிலும் 2 பிள்ளைக்குக் குறைவுதான்; வாயுவோ தலைக்கு 35 டன்னைத் தாண்டுகிறது. அதுவும் முஸ்லிம் நாடுதானே? ஆகவே இது மதக் கணக்கல்ல; வசதியின் கணக்கு, எரிபொருளின் கணக்கு.

சீனாவில் 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைத் திட்டம் இருந்தது. தொட்டில்கள் குறைந்தன. புகை ஆறு மடங்குக்கு மேல் பெருகியது!

நம் ஊருக்கு வாருங்கள். பீங்கான் சூளையின் புகையைத் தீர்மானிப்பது, சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கையா? எதை எரிக்கிறோம், எத்தனை முறை சுடுகிறோம் என்பதல்லவா? பக்கத்து நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதை ஒற்றை விளக்கு வீடும் குளிரூட்டிய மாளிகையும் ஒரே அளவிலா செலவழிக்கின்றன?

இன்னொரு கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93இல் இந்திய முஸ்லிம் தாய்க்குச் சராசரி 4.4 பிள்ளைகள், 2019-21இல் 2.4 மட்டுமே. எல்லாச் சமுதாயங்களிலும் பிறப்பு குறைந்திருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் கரியமில வாயு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

மக்கள் தொகைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைகளை, தலைக்கு ஆகும் செலவால் பெருக்கினால்தான் நாட்டின் மொத்தம். ஆனால் செலவை மறைத்துவிட்டுத் தலைகளை மட்டும் எண்ணுவது நியாயமா?

சகோதரர்களே, பழியைத் துடைத்தால் மட்டும் போதாது. வீண்விரயம் நம் மார்க்கம் தடுத்த செயல். நிக்காஹ் வீட்டில் விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகளுக்கு யார் பதில் சொல்வது? ஆளில்லாத அறையில் ஓடும் ஏ.சி.க்கு யார் பதில் சொல்வது? வணிகர்களே, உங்கள் கடை மாடியில் சூரிய மின்தகடு ஏறட்டும். இளைஞர்களே, ஆத்திரத்தோடு அல்ல, ஆதாரத்தோடு பேசுங்கள்.

அடுத்தவர் புகையைக் கணக்குக் கேட்கும் உரிமை, தன் வீட்டு விளக்கை அணைத்தவனுக்கே உண்டு.