கை மறக்காத சாவி

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் நாகல் நகர்ப் பக்கம் அந்தப் பூட்டைச் செய்தே வயதான ஒரு தாத்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயவில்லை, "இன்னும் சோறு போடலையா?" என்கிறார். பெற்ற மகளையே "யாரும்மா நீ?" என்கிறார். ஆனால் கையில் அரத்தைக் கொடுத்துப் பாருங்கள், சாவிப் பல்லை ராவத் தொடங்கிவிடுவார்!

"காரியமா நடிக்கிறாரு" என்று சொல்லவும் உறவில் நாலு பேர் இருப்பார்கள். நடிப்பில்லை. அல்சைமர் என்னும் மறதி நோயில், புதுச் செய்தியைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் பழுதாகிறது. கைப்பழக்கம் குடியிருப்பது வேறு இடத்தில். அது நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

அதனால் "இப்பத்தானே சாப்பிட்டீங்க!" என்று வாதாடுவது வீண். ஒரு வாய் காபி கொடுத்துப் பேச்சை மாற்றுங்கள். வயசானா மறதி சகஜம் என்று விட்டுவிடவும் வேண்டாம். பி12 சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும்கூட மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம், கட்டணம் கிடையாது.