வீதியில் வீழ்ந்தாரைத் தாங்குவோம்

(கொடுங்கையூரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகச் செலவு, வியாபாரம் முதலிய விஷயங்களைக் குறித்து இம்மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றைப் போல் மங்களகரமானதன்று. ஆயினும் நம் வாசற்படிக்கு மிகவும் சமீபத்தில் உள்ளது. அது வீதி விபத்தும், அதில் அடிபட்டோர்க்கு நாம் செய்யவேண்டிய உதவியுமாம்.

நாம் வசிக்கும் இவ்வூரின் நிலைமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருபுறம் குப்பை லாரிகள். மற்றொருபுறம் துறைமுகங்களையும் மணலி ஆலைகளையும் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள். இவற்றினிடையேதான் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்; நம்மவர் இரவு வேலை முடித்து இருசக்கர வண்டியில் திரும்புகிறார்கள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒருநாள் விடியற்காலையில், மூலக்கடைக்குப் போகும் வழியில் ஒரு வாலிபர் வண்டியோடு விழுந்து கிடக்கக் கண்டேன். சுற்றிலும் பத்துப் பேர் நின்றனர். ஒருவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. தொட்டால் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு அலையவேண்டும், போலீஸார் நம்மையே சந்தேகிப்பர் என்னும் பயம். வேலைக்கு நேரமாயிற்று என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விட்டேன். அவர் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுவே எனக்குத் தண்டனையாக இருந்துவருகிறது.

நிற்க. இப்பயம் என் ஒருவனுடையதன்று. 2007-ஆம் ஆண்டில் டில்லி மாநகரில் பள்ளிச்சிறுவன் ஒருவன் வண்டியில் அடிபட்டு வீதியோரத்தில் கிடந்தான். போவோர் வருவோர் பலர் இருந்தும் எடுத்துச் செல்வார் இல்லாமல் உயிர்நீத்தான். அவனுடைய உறவினராகிய பியூஷ் திவாரி என்பவர், அத்துயரத்தை அழுது தீர்த்துவிடாமல், 2008-இல் 'சேவ்லைஃப் பவுண்டேஷன்' என்னும் தரும ஸ்தாபனத்தை நிறுவினார். பின்னர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கும் தொடுத்தார். அதன் பயனாக, அடிபட்டோர்க்கு உதவுவோரைக் காக்கும் விதிகளை அக்கோர்ட்டு 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் தேதி தேசமெங்கும் கட்டாயமாக்கிற்று. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது.

அச்சட்டத்தின் சாரம் யாதெனில், நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மீது, பாதிக்கப்பட்டவர் இறக்க நேரிடினும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ இல்லை. தம் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி அவரை நிர்ப்பந்திக்கலாகாது. ஆஸ்பத்திரியில் அவரை நிறுத்திவைத்தலும் கூடாது. ஆகவே, அன்று என்னைத் தடுத்த பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதை அறியாதிருந்ததே என் குறை.

பணத்துக்கு என் செய்வது என்பீர்களாயின், அதற்கும் வழியுண்டு. நம் தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. விபத்து நேர்ந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்குரிய செலவை, அடிபட்டவர் எந்த ஊரினராயினும், அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும். 2008 முதல் ஓடிவரும் 108 வண்டியை அழைக்கக் காசு வேண்டுவதில்லை.

இனி, உதவும் முறையையும் அறிதல் அவசியம். அன்பு மிகுதியால் நம்மவர் மூன்று பிழை செய்வர்: அடிபட்டவருக்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டுவர், உடனே தூக்கி உட்காரவைப்பர், கையையும் காலையும் மடக்கி ஆட்டோவில் திணிப்பர். நினைவு தப்பியவருக்குப் புகட்டிய நீர் மூச்சுக்குழலில் இறங்கும். கழுத்தெலும்பு முறிந்திருப்பின் அசைத்த அசைவிலேயே கைகால்கள் செயலற்றுப் போகலாம். இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். 108 வரும்வரையில் அருகிலிருங்கள். இவ்வளவே பெரும்பாலும் போதும்.

வருமுன் காப்பதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் வீதி விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதல் நின்றது நம் மாகாணமே: 64,105. தலைக்கவசம் தலைக்காயத்தின் அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும், மரணத்தின் அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைப்பதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மற்றொன்றும் கற்பியுங்கள்: நெடிய லாரி இடப்புறம் திரும்புங்கால், அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே வாரா; உள்வாங்கி ஓரத்தை ஒட்டி வரும். அவ்விடத்தில் நிற்பவன் டிரைவரின் கண்ணுக்கும் படான். ஆதலால் திரும்பும் லாரியின் இடப்பக்கத்தில் ஒருபோதும் புகுதல் கூடாது.

சகோதரர்களே! 48 மணி நேரம் கழிந்த பின்னர்தான் ஒரு குடும்பத்தின் மெய்யான துன்பம் தொடங்குகிறது. காலிழந்தவன் வேலையிழக்கிறான், மனைவி கூலிக்குப் போகிறாள், மூத்த மகள் படிப்பை நிறுத்துகிறாள். இங்கிலாந்தில் தன் மகனை விபத்தில் இழந்த பிரிகிட் சௌத்ரி என்னும் தாய், இத்தகைய குடும்பங்களுக்கென்றே 1992-இல் 'ரோட்பீஸ்' என்ற தருமசபையை ஏற்படுத்தினார். ஒரு தாயால் இயன்றது, இத்தனை குடும்பங்கள் சேர்ந்த ஒரு சங்கத்துக்கு இயலாதா?

ஆகையால் மூன்று காரியங்களை விண்ணப்பித்துக்கொள்கிறேன். முதலாவது, நம் சங்க வருமானத்தில் ஒரு பகுதியை விபத்துதவி நிதியாக ஒதுக்கி, செயற்கைக் காலுக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் உதவுதல். இரண்டாவது, நம்முள் வக்கீல்களாக இருப்போர் மாதம் ஒருநாள் இங்கே அமர்ந்து, மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக்குக் காலந்தாழ்த்தாது மனுச்செய்ய வழிகாட்டுதல். மூன்றாவது, நம் வாலிபர்களில் இருபது பேராவது முதலுதவி பயிலுதல்.

இவ்வுதவி நம்மவர்க்கு மட்டுமா என்று ஒருவர் கேட்டார். வீதியில் விழுந்து கிடப்பவனிடம் குலம் கேட்டு நிற்பவன், பயந்து போன என்னினும் தாழ்ந்தவன். நமக்கு அடிபடுங்கால் ஓடிவந்து எடுப்பவர் எக்குலத்தாரோ, யார் அறிவார்? சங்கத்தின் பெயர் வளர்வது மண்டபத்தின் உயரத்தாலன்று. இடுக்கண் வந்தபோது ஊரார் நம் கதவைத் தட்டத் துணிவதால்தான்.

இப்பிரேரணையைச் சபையார் இன்றே ஏற்று நிறைவேற்றுவார்களாக.