ஒரு சொட்டு ரத்தமும் ரெண்டு கோடும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, கடன், தொழில் பத்தி நிறைய சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு 'கர்ப்பிணிகளும் ரத்தப் பரிசோதனையும்'. அதுல ஒரே ஒரு பொருளைப் பத்தி மட்டும் பேசுறேன். உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்ன பிளாஸ்டிக் அட்டை. மாசமா இருக்கோமான்னு பார்க்கிற அட்டை நமக்கெல்லாம் தெரியும். அதே மாதிரி அட்டையில்தான் இன்னைக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, டெங்கு எல்லாம் பார்க்கிறாங்க. விரல் நுனியில் குத்தி எடுக்கிற ஒரு சொட்டு ரத்தம் போதும். கரண்ட் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். அரை மணி நேரத்துக்குள்ள முடிவு தெரிஞ்சிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியணும்னா 1986-க்குப் போகணும். நம்ம நாட்டுல எச்.ஐ.வி. இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது சென்னையில், அதுவும் ரெண்டு பெண்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவங்ககிட்ட படிச்ச நிர்மலா. நிர்மலா ரத்தத்தைச் சேகரிச்சு, வீட்டு ஃபிரிட்ஜில் வச்சிருந்து, ரயில் ஏறி காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கொடுத்துத்தான் சோதிக்க முடிஞ்சுது. சென்னையில் அப்ப அந்த வசதி இல்லை. ஆறு பேருக்கு இருக்குன்னு வந்தது. அப்பவும் அதோட விட்டுடலை. அமெரிக்காவுக்கு அனுப்பி இன்னொரு தடவை உறுதி பண்ணாங்க. அன்னைக்கு ரயில் ஏறிப் போன சோதனை இன்னைக்கு நம்ம ஊருக்கே வந்துடுச்சு.

அட்டை எப்படி வேலை செய்யுதுன்னு செவிலியர் அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உள்ள ஒரு காகிதப் பட்டை இருக்கு. ஒரு முனையில் ரத்தமும் ஒரு திரவமும் விட்டா, திரியில் எண்ணெய் ஏறுற மாதிரி அது மெல்ல ஊறிப் போகுது. 'சி' எழுத்துக்கிட்ட ஒரு கோடு கட்டாயம் வரணும். வரலைன்னா அந்த அட்டையே செல்லாது, வேற அட்டையில் பார்க்கணும். 'சி' மட்டும் வந்தா, தேடினது தென்படலைன்னு அர்த்தம். 'டி' கிட்டயும் கோடு வந்தா, மங்கலா வந்தாலும், அடுத்த சோதனைக்குப் போகணும்னு அர்த்தம். பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்குள்ள பார்த்துடணும். நேரம் போன பிறகு பார்த்தா முடிவு தப்பாத் தெரியலாம். ஒருத்தருக்குக் குத்தின ஊசியை இன்னொருத்தருக்கு வைக்கவே கூடாது. புது ஊசியான்னு தைரியமா கேளுங்க.

இங்கதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. ரெண்டு கோடு வந்தா நோய் உறுதின்னு அர்த்தம் இல்லை. முதல் அட்டை தவறாக் காட்டவும் வாய்ப்பு இருக்கு. அதனாலதான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, மூணு வேற வேற சோதனை செஞ்ச பிறகுதான் எச்.ஐ.வி.ன்னு சொல்றாங்க.

நம்ம பக்கத்துல ஒரு தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்றேன். ஊர், பேர் வேண்டாம். அஞ்சு மாசம். முதல் அட்டையில் ரெண்டு கோடு. மறுபடி சோதிக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. அவ பஸ் ஏறி வீட்டுக்கு வர்றதுக்குள்ள செய்தி வந்து சேர்ந்துடுச்சு. மாமியார் அவ கையால தண்ணி வாங்கலை. தட்டு தனி, டம்ளர் தனி. புருஷன் பேசலை. நாலு நாள் அந்தப் பொண்ணு சரியா சாப்பிடலை. நம்பிக்கை மையத்துல மூணு சோதனையும் பார்த்து, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. தாளை மாமியார்கிட்ட காட்டினா. அந்த நாலு நாளை எந்தத் தாள் திருப்பிக் கொடுக்கும்?

ஒருவேளை உண்மையாவே இருந்திருந்தா மட்டும் அப்படி நடத்தலாமா? ஒரே தட்டுல சாப்பிட்டா, தண்ணி வாங்கிக் குடிச்சா அந்தக் கிருமி ஒட்டாது. மருந்து இல்லைன்னா, கிருமி உள்ள தாய்மார்கள் நூறு பேருக்குப் பிறக்கிற குழந்தைகள்ல பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் தொற்றலாம். தாய் மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தா அது ஐந்துக்கும் கீழே வந்துடுது. மருந்து அரசே இலவசமாகக் கொடுக்குது. அந்தப் பிள்ளையைக் காப்பாத்துறது சீக்கிரம் பார்க்கிற அட்டைதான். ஆனா ஊர் வாய்க்குப் பயந்து பொண்ணுங்க சோதனைக்கே வராம போனா, அட்டை என்ன செய்யும்?

ஒரு கோடு வந்தாலும் கவனம் வேணும். எச்.ஐ.வி. அட்டை கிருமியைப் பார்க்கிறதில்லை, கிருமியை எதிர்த்து நம்ம உடம்பு உண்டாக்குறதைத்தான் பார்க்குது. அது உண்டாக மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். அதனால கணவரும் சோதிச்சுக்கணும். டெங்குவும் அப்படித்தான். காய்ச்சல் வந்த முதல் அஞ்சு நாளில் பார்க்கிற சோதனை வேற, அதுக்குப் பிறகு பார்க்கிறது வேற. அட்டையில் இல்லைன்னு வந்துட்டதேன்னு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறில் ரத்தம்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கொரோனா சமயத்தில் 2021-ல் 250 ரூபாய்க்கு வீட்டிலேயே பார்க்கிற கிட் வந்ததே, அதுக்கும் இதே சட்டம்தான். அறிகுறி இருந்து கிட்டில் இல்லைன்னு வந்தா, ஆர்.டி.பி.சி.ஆர். பார்க்கணும்னு சொன்னாங்க.

ஹெபடைடிஸ் பி பத்தி ஒரு வார்த்தை. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள அதுக்கான தடுப்பூசி போடணும். வீட்டுக்குக் கிளம்பும் முன்னாடி போட்டாச்சான்னு கேளுங்க.

2017-ல் ஒரு சட்டம் வந்திருக்கு. சம்மதம் இல்லாம ஒருத்தருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது. நம்பிச் சொன்ன விவரத்தை வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் இருந்தா 1097-க்குப் போன் பண்ணலாம், காசு கிடையாது.

கடைசியா நம்ம குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசமா இருக்கிற உறுப்பினர் சோதனைக்குப் போற நாளில் ஒருத்தராவது துணைக்குப் போவோம். மறுபடி வரச் சொன்னாங்கன்னா, பஸ் செலவுக்குக் குழுப் பணத்துலேர்ந்து, எதுக்குன்னு காரணம் கேட்காம, நோட்டுல 'மருத்துவச் செலவு'ன்னு மட்டும் எழுதிக் கொடுப்போம். அவ திரும்பி வந்தா "சாப்பிட்டியா"ன்னு கேட்போம், "என்ன வந்துச்சு"ன்னு கேட்க வேண்டாம். வர்ற மாசக் கூட்டத்தில் இதை ஒவ்வொரு குழுவும் தீர்மானமா எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு கேட்டுக்கிறேன்.