கல்லன்ன பூந்தொட்டி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். சிமெண்டும் தென்னை நார்க்கழிவும் இங்கே பேசத்தக்க பொருளா எனச் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். மாற்றலாகி வந்து, வாடகை வீட்டில் ஒரு முழ மண்ணும் சொந்தமின்றி வாழ்வோர்க்கு, ஊரிலிருந்து கொணர்ந்த ஒரு செடியை உயிரோடு காப்பது சிறு காரியம் அன்று.

குப்பம் கல்லுக்குப் பெயர் போன ஊர். இங்கு வெட்டியெடுக்கும் பச்சைக் கருங்கல் கடல் கடந்தும் செல்கின்றது. இப்பக்கத்துப் பழைய வீடுகளின் கொல்லையில், ஒரே கல்லைக் குடைந்த கழுநீர்த் தொட்டியை இன்றும் காணலாம். மாடு போன பின் அதில் துளசியோ கற்றாழையோ வளர்கின்றது. இங்கிலாந்திலும் இதே கதைதான். பண்ணை வீடுகளின் பழைய கல்தொட்டிகளில் மலைச்செடிகளை நட்டு அழகு பார்த்தனர். அத்தொட்டிகள் அரிதாகி விலையேறவே, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், சிமெண்டும் மணலும் மட்கிய சதுப்புநிலக் கரியும் குழைத்துப் போலித் தொட்டி செய்தனர். ஊற்றுநீர் படிந்து உண்டாகும் ‘டூஃபா’ என்னும் துளைமிகு சுண்ணக்கல்லை அது ஒத்திருந்தமையால் ‘ஹைப்பர்டூஃபா’ எனப் பெயர் பெற்றது.

நமக்குச் சதுப்புக்கரி வேண்டா; தென்னை நார் பிரிக்கும்போது உதிரும் கழிவே போதும். கடைக்காரர் இதனைக் ‘கோகோபீட்’ என்பார். ஆயின் அதனை வாங்கியவாறே கலத்தல் கூடாது. அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் சிமெண்டை இறுகவிடா. நீரில் ஊறவைத்து, கருஞ்சாயம் தெளியும்வரை நான்கைந்து முறை அலசிப் பிழிதல் வேண்டும். மணலுக்கு எம்-சாண்ட் நன்று. பாலாறு முன்பே வறண்டு கிடக்கின்றது; அதன் மடியிலும் கை வைக்க வேண்டாமே!

அளவு இது: சிமெண்ட் 2 படி, எம்-சாண்ட் 3 படி, அலசிய நார்க்கழிவு 3 படி. கையுறையும் முகத்திரையும் அணிந்து கலத்தல் வேண்டும். சிமெண்ட் தோலை அரிக்கும். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைக. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும்; விரலிடுக்கில் இரண்டொரு துளியே கசிய வேண்டும். பழைய பிளாஸ்டிக் வாளியின் உட்புறம் பாலித்தீன் தாள் விரித்து, அடியிலும் சுற்றிலும் 2 அங்குலக் கனத்தில் இதனை அழுத்துக. அடியில் நீர் வடியத் துளை வேண்டும். ஒரு குழாய்த் துண்டை நட்டுவைத்துப் பின்னர் உருவிவிடலாம். ஈரச் சாக்கால் மூடி இரண்டு நாள் நிழலில் வைத்த பின்பே வாளியை நீக்குக. அப்போது அது இன்னும் மெத்தென்றிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் உளி கொத்திய கல்லின் தோற்றம் வந்துவிடும். நீர் தெளித்து 28 நாள் ஈரம் காத்தால்தான் சிமெண்ட் தன் வலுவைப் பெறும்.

இங்கேதான் யாம் தவறினோம். எம் அன்னையார் ஆரணிப் பக்கத்துத் தாய்வீட்டிலிருந்து ஒரு மல்லிகைப் பதியனைப் பெயிண்ட் டப்பாவில் கொணர்ந்து வளர்த்து வந்தார். அவ்வீடு விற்றுப் போயிற்று. அக்கொடியும் அங்கு இல்லை. யாம் செய்த முதல் தொட்டி கண்ணுக்குக் கல்லாகத் தோன்றியது. ஐந்தாம் நாளே மல்லிகையை அதற்கு மாற்றினோம். பத்து நாளில் இலை வெளுத்து நுனி கருகிச் செடி மாண்டது. அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந்துயராயிற்று.

காரணம் பின்னரே விளங்கியது. சிமெண்ட் நீரோடு சேர்ந்து இறுகுகையில் சுண்ணம் பிறக்கின்றது. புதுத் தொட்டியிலிருந்து அது கசிந்து மண்ணைக் காரமாக்கி வேரைச் சுடும். ஆகவே ஈரம் காத்த 28 நாளுக்குப் பின், துளையை அடைத்துத் தொட்டி நிறைய நீர் ஊற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, மூன்று வாரம் ஊறவிடல் வேண்டும். சுண்ணம் தீர்ந்ததை அறியச் சோதனைச்சாலை வேண்டா. வழி காட்டியவர் எம் அன்னையாரே. ஆலம் கரைக்கும்போது மஞ்சள்நீர் எதனால் சிவக்கின்றது? சுண்ணாம்பினால் அன்றோ? தொட்டியில் ஓரிரவு நின்ற நீரை ஒரு கரண்டி எடுத்து மஞ்சள்நீரில் விட்டார், ஆலம்போல் சிவந்தது. மூன்றாம் வார முடிவில் விட்டபோது மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

செடி எங்கே என்பீர்கள். முந்திய ஆண்டு எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மையார் எம் மல்லிகையிலிருந்து ஒரு கிளை பதியமிட்டுக் கொண்டு போயிருந்தார். கேட்டதும், “மீ செட்டே கதா!” என்று சொல்லி, வேர்விட்ட பதியன் ஒன்றைத் தாமே கொணர்ந்து தந்தார். அது இப்போது எம் மூன்றாவது தொட்டியில் தழைத்திருக்கின்றது. இரண்டாவது தொட்டி, அவசரத்தில் கனம் குறைத்தமையால் விளிம்பு உடைந்துபோயிற்று. அதில் டேபிள் ரோஸ் படர்ந்து உடைப்பை மறைத்துக்கொண்டது.

இட்லிப்பூவை மட்டும் இத்தொட்டியில் நடாதீர்கள். எஞ்சிய சிறிது சுண்ணமும் அதற்கு ஆகாது, இலை மஞ்சளித்துவிடும். துளசி, கற்றாழை ஆகியவற்றுக்கு அக்குறை இல்லை. சுவரில் நுண்துளைகள் உண்டாதலின் மண்பானைபோல் ஈரம் கசிந்து வேர் குளிர்ந்திருக்கும். கோடையில் நாளும் நீர் வேண்டும் என்பதும் அதனாலேயே. முழுச் சிமெண்டுத் தொட்டியினும் இலேசானது. மாற்றல் உத்தரவு வந்தால் இருவர் தூக்கி லாரியில் ஏற்றலாம்.

செய்த தொட்டி ஒன்றை மேடைக்கு வலப்புறம் வைத்திருக்கின்றோம். மஞ்சள்நீரும் ஒரு கிண்ணத்தில் உண்டு. விரும்புவோர் வந்து தொட்டுப் பார்க்கலாம். விளிம்பைப் பிடித்து மட்டும் தூக்க வேண்டா.